மரியம் விட்டுச் சென்ற கணக்கு

2017 ஜூலை மாதத்தின் நடுவில் ஒரு நாள். ஈரான் தலைநகர் தெஹ்ரானில் காலையில் நாளிதழ் வாங்கியவர்களில் பலர் முதல் பக்கத்தை இரண்டு முறை பார்த்திருப்பார்கள். அங்கே குட்டையாக முடி வெட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் முகம் இருந்தது. தலையில் முக்காடு இல்லை. முக்காடு இல்லாத ஈரானியப் பெண்ணின் படத்தை அந்நாட்டு நாளிதழ்கள் வெளியிடுவது வழக்கமில்லை. அன்று சில நாளிதழ்கள் அந்த வழக்கத்தை மீறின.

படத்தில் இருந்தவர் நடிகை அல்லர், அரசியல் தலைவரும் அல்லர். அவர் ஒரு கணிதப் பேராசிரியர். பெயர் மரியம் மிர்ஸாகானி. 2017 ஜூலை 14-ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மார்பகப் புற்றுநோயால் அவர் காலமானார். வயது 40.

மாணவர்களே, நமக்குப் பிடித்த பாடகர் இறந்துவிட்டால் அவருடைய பாடல்களைக் கேட்கிறோம். விளையாட்டு வீரர் இறந்துவிட்டால் அவர் ஆடிய ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கிறோம். ஒரு கணிதவியலாளர் இறந்துவிட்டால் என்ன செய்வது? அவர் போட்ட கணக்குகளில் ஒன்றையாவது புரிந்துகொள்ள முயலலாம். அவரைக் கொண்டுபோன நோயையும் புரிந்துகொள்ள முயலலாம். இந்த வாரம் இரண்டையும் செய்து பார்ப்போம்.

கணிதத்தில் பின்தங்கிய மாணவி

மரியம் 1977 மே 12-ஆம் தேதி தெஹ்ரானில் பிறந்தார். அவருடைய தொடக்கப்பள்ளிக் காலம் ஈரானும் ஈராக்கும் போரிட்டுக்கொண்டிருந்த காலம். அவர் தொடக்கப்பள்ளியை முடித்த சமயத்தில், 1988-இல், அந்தப் போர் ஓய்ந்தது. சிறு வயதில் அவருக்குக் கணிதத்தில் பெரிய நாட்டம் இல்லை. கையில் கிடைத்த கதைப் புத்தகங்களையெல்லாம் படித்தார். எழுத்தாளர் ஆக வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

ஒருநாள் பள்ளியில் கற்றுவந்த ஒரு செய்தியை அண்ணன் தங்கையிடம் சொன்னார். 1 முதல் 100 வரையிலான எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டத் தேவையில்லை. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்தால் 101. 2-ஐயும் 99-ஐயும் சேர்த்தாலும் 101. இப்படி 50 இணைகள் கிடைக்கும். ஆகவே விடை 50 பெருக்கல் 101, அதாவது 5,050. ஜெர்மானியக் கணித மேதை கார்ல் காஸ் சிறுவனாக இருந்தபோது கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வழி இது. கணிதத்தில் அழகு உண்டு என்று தமக்கு முதலில் தோன்றியது அப்போதுதான் என்று மரியம் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஆனாலும் இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில் அவர் கணிதத்தில் நல்ல புள்ளிகள் பெறவில்லை. அவருக்குத் திறமை இருப்பதாக அவருடைய ஆசிரியரும் கருதவில்லை. மரியம் மனம் தளர்ந்துபோனார். அடுத்த ஆண்டு வந்த வேறோர் ஆசிரியர் ஊக்கம் கொடுத்தார். நிலைமை மாறியது.

அனைத்துலகக் கணித ஒலிம்பியாட் போட்டிக்குச் செல்லும் ஈரான் அணியில் அதுவரை பெண்கள் இடம்பெற்றதில்லை. ஆண்கள் பள்ளியில் நடப்பதுபோல் தங்களுக்கும் பயிற்சி வகுப்பு வேண்டும் என்று மரியமும் அவருடைய தோழியும் தலைமையாசிரியையிடம் கேட்டார்கள். அவரும் ஏற்பாடு செய்து கொடுத்தார். 1994-இல் ஹாங்காங்கில் நடந்த போட்டியில் மரியம் 42 புள்ளிகளுக்கு 41 பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார். மறு ஆண்டு கனடாவின் டொரொண்டோ நகரில் 42-க்கு 42 பெற்று மீண்டும் தங்கம் வென்றார்.

படிவம் ஒன்றில் கணக்கு வரவில்லை என்று சோர்ந்திருக்கும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மரியம் தம்மை மெதுவாகச் சிந்திப்பவர் என்றே சொல்லிக்கொண்டார். ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவருடைய வழக்கம்.

வடையும் ரப்பர் வளையமும்

தெஹ்ரானில் பட்டப்படிப்பை முடித்த மரியம், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வில் அவர் தீர்த்த கேள்விகளில் ஒன்றைப் பார்ப்போம்.

நடுவில் ஓட்டை உள்ள உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் இரண்டு வடைகள் ஒட்டிக்கொண்டால் இரண்டு ஓட்டைகள் உள்ள ஓர் உருவம் கிடைக்கும். அதன் உள்ளே இருக்கும் மாவை மறந்துவிடுங்கள். மேல்தோல் மட்டுமே நமக்கு வேண்டும். இதைக் கணிதத்தில் மேற்பரப்பு என்பார்கள்.

இப்போது அந்த மேற்பரப்பைச் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தை மாட்டுங்கள். அது ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வரலாம், இரண்டு வடைகளுக்கும் இடையிலுள்ள இடுப்பைச் சுற்றி நிற்கலாம், பல முறை வளைந்து சுற்றவும் செய்யலாம். ஒரே நிபந்தனை: வளையம் தன்னைத்தானே குறுக்கே வெட்டக்கூடாது. வளையம் இறுகி, தான் இருக்கக்கூடிய மிகக் குறுகிய நிலைக்கு வந்து நிற்கும். அப்படி நிற்கும் வளையங்களில், ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குள் அடங்குபவை எத்தனை?

ஒரு சிக்கல் உண்டு. கணிதவியலாளர்கள் ஆராய்ந்தது சாதாரண மேற்பரப்பை அல்ல. பொரித்த அப்பளத்தின் விளிம்பு எப்படி மேலும் கீழுமாக நெளிந்திருக்கிறதோ, அப்படி எல்லா இடத்திலும் நெளியும் மேற்பரப்பு அது. அதன்மேல் ஒரு முக்கோணம் வரைந்தால் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைக்கும் குறைவாகவே இருக்கும். அப்படிப்பட்ட மேற்பரப்பை முழுமையாகக் கண்முன் செய்து காட்டுவது கடினம். மனத்தில்தான் காண வேண்டும்.

மரியம் கண்ட விடை வியப்பானது. இரண்டு ஓட்டைகள் உள்ள மேற்பரப்பில், தன்னைத்தானே வெட்டாத வளையங்களின் எண்ணிக்கை, நீளத்தின் ஆறாவது அடுக்கைப் பொறுத்து வளர்கிறது. அதாவது, நீள வரம்பை இரண்டு மடங்காக்கினால் எண்ணிக்கை ஏறத்தாழ 2-இன் ஆறாவது அடுக்கு, 64 மடங்காகும். மூன்று ஓட்டைகள் என்றால் ஆறாவது அடுக்குக்குப் பதிலாகப் பன்னிரண்டாவது அடுக்கு. அப்போது எத்தனை மடங்கு? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்தக் கேள்விக்கு விடை தேடிய வழியில், வேறு பல கணிதத் துறைகளை அவர் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். இயற்பியலாளர் எட்வர்ட் விட்டன் முன்வைத்த ஒரு கருத்துக்கு அதே ஆய்விலிருந்து புதிய நிறுவலும் கிடைத்தது.

மரியம் பெரிய பெரிய காகிதங்களைத் தரையில் விரித்து, அதன்மேல் குனிந்தபடி, ஒரே மாதிரியான உருவங்களைத் திரும்பத் திரும்ப வரைவார். ஓரங்களில் சூத்திரங்களை எழுதுவார். அதைப் பார்த்த அவருடைய சின்ன மகள், அம்மா மறுபடியும் ஓவியம் வரைகிறார் என்பாளாம்.

சியோல் மேடை

கணிதத்துக்கு நோபல் பரிசு இல்லை. அதற்கு இணையாக மதிக்கப்படுவது ஃபீல்ட்ஸ் பதக்கம். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, 40 வயதைத் தாண்டாதவர்களுக்கு வழங்கப்படுகிறது. 1936 முதல் அதைப் பெற்ற அனைவரும் ஆண்கள். 2014 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, தென்கொரியாவின் சியோல் நகரில், அதைப் பெற்ற முதல் பெண்ணாக மரியம் மேடை ஏறினார். ஈரானியர்களிலும் அவரே முதல்வர்.

உலகமே அவரிடம் பேட்டி எடுக்கக் காத்திருந்தது. ஆனால் அவர் செய்தியாளர்களைச் சந்திக்கவில்லை. செய்தியாளர்கள் அவரை நெருங்காதபடி, மாநாட்டுக்கு வந்திருந்த பெண் கணிதவியலாளர்கள் சிலர் முறைவைத்து அவருடன் இருந்து பார்த்துக்கொண்டார்கள். காரணம் வெளியே தெரியாது. 2013-இலேயே அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. அப்போது அவருக்கு வயது 36. நோயின் களைப்போடுதான் அவர் அந்த மேடையில் நின்றார்.

30 முறை இரட்டிப்பு

நம் உடலில் உயிரணுக்கள் இடைவிடாமல் பிரிந்து புதிய உயிரணுக்களை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு முறையும் மரபணுத் தகவல் முழுவதும் படியெடுக்கப்படுகிறது. அதில் எழுத்துப்பிழைபோல் சில பிழைகள் நேரும். அவற்றில் பெரும்பாலானவற்றை உயிரணுவே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாதபோது அந்த உயிரணு பெரும்பாலும் தானாகவே அழிந்துவிடும். எப்போதாவது ஒன்று தப்பிவிடுகிறது. ‘நிறுத்து’ என்ற கட்டளையைக் கேட்காமல் அது பிரிந்துகொண்டே போகிறது. மார்பகத்தில் பால் சுரக்கும் பகுதியிலோ பால் செல்லும் குழாய்களிலோ இது நடந்தால் மார்பகப் புற்றுநோய்.

இதையும் ஒரு கணக்காகப் பார்க்கலாம். ஓர் உயிரணு இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது. பத்து முறை இரட்டித்தால் 1,024. இருபது முறை இரட்டித்தால் ஒரு மில்லியனுக்கும் சற்று அதிகம். அப்போதுகூட அது ஒரு குண்டூசித் தலையளவுதான். முப்பது முறை இரட்டித்தால் ஒரு பில்லியனுக்கும் அதிகம். ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அகலமும் 1 கிராம் எடையும் உள்ள கட்டி. விரலால் தடவினால் உணரக்கூடிய அளவு அதுதான்.

ஒரு முறை இரட்டிக்க எவ்வளவு நாளாகும்? சில கட்டிகளுக்குச் சில வாரங்கள், சிலவற்றுக்குப் பல மாதங்கள். எடுத்துக்காட்டாக 100 நாள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது இரட்டிப்புக்கு 3,000 நாள், அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல். அதன் பிறகு இன்னும் பத்தே இரட்டிப்பு, மூன்று ஆண்டுக்கும் குறைவான காலம் போதும். 1 கிராம் கட்டி 1 கிலோவாகிவிடும். உண்மையான கட்டி இவ்வளவு ஒழுங்காக வளராது. வழியில் பல உயிரணுக்கள் இறக்கும், பெரிதாகும்போது வேகமும் குறையும். ஆனாலும் கணக்கு சொல்லும் செய்தி உண்மையானது. நோயின் வாழ்நாளில் பெரும்பகுதி எவர் கண்ணுக்கும் தெரியாமல் கழிகிறது. தெரியத் தொடங்கிய பிறகு காலம் விரைவாக ஓடுகிறது.

மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே பரிசோதனை, கைக்குத் தட்டுப்படாத சிறிய கட்டிகளையும் காட்டக்கூடியது. ஆனால் பெரும்பாலான நாடுகளில் இந்தப் பரிசோதனையை 40 அல்லது 50 வயதிலிருந்துதான் முறையாகச் செய்யச் சொல்கிறார்கள். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதும் ஒரு காரணம். எக்ஸ்ரே படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது கடினம். 36 வயதில் நோய் கண்ட மரியம் அந்தப் பரிசோதனை வயதுக்கு முன்பே நின்றவர்.

ஏன் திரும்பி வந்தது?

நம் ஊரில் லாலாங் புல்லைப் பார்த்திருப்பீர்கள். மேலே வெட்டி வீழ்த்தினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து மறுபடி முளைக்கும். விதைகள் காற்றில் பறந்து தொலைவிலும் முளைக்கும். புற்றுநோய் உயிரணுக்களும் இப்படிச் செய்யக்கூடியவை. மார்பகக் கட்டியிலிருந்து பிரியும் சில உயிரணுக்கள் இரத்தத்திலோ நிணநீரிலோ கலந்து பயணம் செய்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்துவிடும். ஒரு சில மட்டும் எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை போன்ற இடங்களில் தங்கிவிடுகின்றன. சில ஆண்டுகள்கூட அவை பிரியாமல் உறங்கிக் கிடக்கலாம். வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தாக்கும் மருந்துகளுக்கு உறங்கும் உயிரணுக்கள் எளிதில் அகப்படுவதில்லை.

மரியம் சிகிச்சை பெற்றார். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வுகளைத் தொடர்ந்தார். 2016-இல் நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவியது. மறு ஆண்டு அவர் மறைந்தார். மகளுக்கு அப்போது ஆறு வயது.

தோற்றுவிட்டார் என்று சொல்லலாமா?

ஒருவர் புற்றுநோயால் இறந்தால், போராடித் தோற்றார் என்று எழுதுகிறோம். அன்போடுதான் எழுதுகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு தவறு இருக்கிறது. தோற்றவர் சரியாகப் போராடவில்லை என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்த மரியமுக்கு மன உறுதி குறைவு என்று யார் சொல்ல முடியும்? கட்டியின் வகை, அது கண்டறியப்பட்ட நிலை, கிடைக்கும் சிகிச்சை ஆகியவையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இன்னொரு பேச்சும் நம்மிடையே உண்டு. என்ன பாவம் செய்தாரோ, யார் கண் பட்டதோ என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கைப் பாருங்கள். 2022-இல் உலகில் 2.3 மில்லியன் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 670,000 பேர் இறந்தனர். நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பெண்ணாக இருப்பது, வயது கூடுவது ஆகிய இரண்டைத் தவிர வேறு குறிப்பிட்ட காரணம் எதுவும் இல்லை. உடல் பருமன், மது, உடற்பயிற்சி இல்லாமை ஆகியவை ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்னும் மரபணுக்களில் உள்ள குறைபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரலாம் என்பதும் உண்மை. ஆனால் இப்படிப் பரம்பரையாக வருவது பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இந்த நோய் தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

வீட்டில் பேச வேண்டியது

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான். மலேசியாவில் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் செல்கிறார்கள். பயம் ஒரு காரணம், கூச்சம் இன்னொரு காரணம். அந்த உறுப்பின் பெயரைச் சொல்லவே நாம் தயங்குகிறோம். அறிவியல் வகுப்பில் இதயம், நுரையீரல் என்று சொல்வதைப் போலத்தான் மார்பகம் என்று சொல்வதும்.

உங்கள் வயதில் இந்த நோய் வருவது மிக மிக அரிது. ஆகவே அஞ்ச வேண்டாம். ஆனால் அம்மாவிடமும் பாட்டியிடமும் அத்தையிடமும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். கடைசியாக எப்போது பரிசோதனை செய்துகொண்டீர்கள்? நம் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா? புதிதாக ஒரு கட்டி, தோலில் குழிவு, காம்பில் மாற்றம் அல்லது கசிவு இருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாணவர்களும் கேட்கலாம், மாணவிகள் மட்டும் கேட்க வேண்டியதில்லை. ஆண்களுக்கும் இந்த நோய் வருவதுண்டு, நூறில் ஒன்று என்ற அளவில்.

மே 12

மரியம் மறைந்தபோது அவருடைய சில கணக்குகள் முடிந்திருந்தன, சில முடியவில்லை. அலெக்ஸ் எஸ்கின் என்னும் கணிதவியலாளருடன் அவர் எழுதிய 200 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரை, அவர் மறைந்த மறு ஆண்டில் அச்சில் வந்தது. அந்த ஆய்வைக் கொண்டு மற்றவர்கள் புதிய கேள்விகளுக்கு விடை காண்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சுவர் முழுவதும் கண்ணாடி பதித்த ஓர் அறையில் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. அறையின் மூலைகள் எத்தனை இருந்தாலும், வடிவம் எப்படி இருந்தாலும், எல்லா இடத்துக்கும் வெளிச்சம் போய்ச் சேருமா? மூலைகளின் கோணங்கள் அனைத்தும் 180 பாகையின் பின்னங்களாக இருந்தால், எண்ணிவிடக்கூடிய சில புள்ளிகளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வெளிச்சம் விழும் என்று 2016-இல் மூன்று கணிதவியலாளர்கள் நிறுவினார்கள். அவர்கள் நின்றது மரியமும் அவருடைய நண்பர்களும் போட்டுக்கொடுத்த அடித்தளத்தின்மேல்.

அவருடைய கணவர் செக் நாட்டவர். வெளிநாட்டவரை மணந்த ஈரானியத் தாயின் குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை அப்போது எளிதில் கிடைக்கவில்லை. மரியம் மறைந்தபோது இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற குரல் ஈரான் நாடாளுமன்றத்தில் வலுத்தது. 2019-இல் சட்டம் மாறியது. 2022-இல் உக்ரேனைச் சேர்ந்த மரினா வியாசொவ்ஸ்கா, ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற இரண்டாவது பெண்ணானார்.

மரியமின் நினைவாக ஒரு நாளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று ஈரானியப் பெண் கணிதவியலாளர்கள் 2018-இல் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது அவர் இறந்த ஜூலை 14 அல்ல, பிறந்த மே 12. அன்று உலகின் பல நாடுகளில் கணிதத்தில் பெண்களின் பங்கைப் போற்றுகிறார்கள்.

வரும் மே 12 வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், 1 முதல் 100 வரை கூட்டும் அந்த வழியை இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். தெஹ்ரானில் ஓர் அண்ணன் தன் தங்கைக்குச் சொன்னதும் அதுதான்.